அப்பாவுக்கு எத்தனை அடி பலகை?

நேற்று கீரனூர் மரக்கடையில் எனக்கு ஒரு துண்டுக் கட்டையை இலவசமாகத் தந்தார்கள்!

இலவசமாகத் தருவதை எதற்கு என்று கேட்கக் கூடாது என்பது என் கொள்கை. நேற்று கேட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம் ஆகிறது. பழைய கட்டில் மிகவும் தாழ்வு. அதிலிருந்து எழும்போது இரண்டு முறை விழுந்துவிட்டார்.

"இன்னொரு தடவ விழுந்தா அப்புறம் நடக்கவே மாட்டாருங்க" என்றார் டாக்டர்.

ஆகவே உயரமான கட்டில். உருண்டு விழாமலிருக்கப் பக்கங்களில் பலகை. கால்களுக்கு வேண்டிய கட்டை வீட்டிலேயே கிடந்தது. பலகை மட்டும் வாங்க வேண்டும்.

எவ்வளவு வாங்குவது? ஆசாரியைக் கேட்டிருக்கலாம். ஆனால் நான் படித்தவன். (இந்தப் பதிவில் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.)

மதியம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். டேப்பை உச்சந்தலையில் வைத்துக் குதிகால் வரை இழுத்தேன். தோளுக்குத் தோள் அளந்தேன்.

நிமிர்ந்தால், அப்பாவின் ஒரு கண் திறந்திருந்தது.

"எத்தன?"

"அஞ்சடி ஏழுப்பா."

"ம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது.

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். என் சீட்டை இரண்டு முறை படித்தார். அடிப்பாகத்துக்கு, பக்கங்களுக்கு, தலைமாட்டுக்கு, கால்மாட்டுக்கு. ஐந்தடி ஏழு நீளம், இரண்டடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். ஒரு இன்ச்கூட வீணாகாத கணக்கு!

"என்ன மரம் போடட்டும்?"

"வேம்பு."

"இதுக்கு எதுக்குங்க வேம்பு? மாம்பலகை போதுமே."

"நாள்பட உழைக்கணும்ங்க."

என்னைச் சற்று நேரம் பார்த்தார். "நாள்பட எதுக்குங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் பிடிவாதமாக வேம்பு என்றேன்.

"சரிங்க. மேல் பலகைய எழுதாம விட்டுட்டீங்களே?"

"மேல எதுக்குங்க? மூச்சு முட்டுமே!"

பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அவர் குரல் மிகவும் கனிவாகிவிட்டது.

"பில்லு யாரு பேருக்குங்க?"

அப்பா பெயரைச் சொன்னேன். "அந்தோணிசாமி."

எழுதினார். எழுந்து உள்ளே போனார். பலகைகளோடு இரண்டடித் துண்டுக் கட்டை ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார்.

"இது நான் கேக்கலையேண்ணே?"

"சிலுவைக்குங்க. அதுக்கு மட்டும் நாங்க காசு வாங்குறதில்ல."

என் சீட்டை வாங்கி நானே ஒரு முறை படித்துப் பார்த்தேன்.

கட்டை வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். பலகைகளை லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். வழக்கமாக ஆரன் அடித்துக்கொண்டே போகும் டிரைவர், எங்கள் தெருவரை ஒரு முறைகூட அடிக்கவில்லை.

வீட்டில் இறக்கியதும் அப்பா வாக்கரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். அடிப்பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். சரியாக அவரளவு.

"இதுல நான் படுக்க மாட்டேன்டா."

"கட்டில்தாம்பா!"

"என்னமும் இருந்துட்டுப் போகட்டும். தரையிலயே படுத்துக்கிறேன்."

தரையிலிருந்து எழுவது என்றால் மூன்றாவது முறை விழுவது என்று பொருள். இரவு முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, "படுத்தா அளப்ப" என்றார்.

இன்று காலை ஆட்டோவில் அவரையும் ஏற்றிக்கொண்டு, பலகைகளோடு மறுபடி கடைக்குப் போனேன்.

கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"இவரு...?"

"அந்தோணிசாமி" என்றார் அப்பா. "பில்லுல இருக்க ஆளு."

கட்டில் விஷயத்தைச் சொல்லி, பலகைகளை மாற்றித் தரக் கேட்டேன். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏங்க, படுத்திருக்க மனுசன டேப்பு வச்சு அளக்கலாமா? அது ஒண்ணுக்குத்தான் ஆள அளப்பாங்க. கட்டிலுக்கு ரூமத்தான் அளக்கணும்! ஆளு யாரா இருந்தாலும் ஆறேகால் அடி, மூணடி. புரளணுமில்ல? கால நீட்டணுமில்ல? அதுக்கு மேல நூத்துக்குப் பத்துச் சேத்து வாங்கணும், அறுப்புல போயிரும்."

இருபது வருடம் படித்த எனக்கு, உயிரோடு இருப்பவர் புரள்வார் என்பது கணக்கில் வரவில்லை.

அப்பா வாக்கரைத் தள்ளிக்கொண்டு அடுக்குகளுக்கு நடுவே போனார். ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்தார். இரண்டைத் தள்ளச் சொன்னார். கடைசியில் ஒரு வேப்பம்பலகைமேல் உள்ளங்கையை வைத்து, "இந்த அடுக்குல இருந்து ஏத்துங்க. இதுல படுக்கலாம்" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. "அளக்க வேணாமாண்ணே?" என்று கேட்டேன், வேடிக்கையாக.

கடைக்காரர் சிரிக்கவில்லை. என்னைத் தலையிலிருந்து கால்வரை, மெதுவாக ஒரு முறை பார்த்தார். டேப் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி ஆறடிக்கு ஒரு இன்ச்சு கம்மி. தோளு அகலம். அந்த அகலத்துக்குப் பலகை நம்மகிட்ட கெடக்காதுங்க, முன்னாடியே சொல்லி வச்சிரணும்."

(என் உயரம் ஐந்தடி பதினொன்று. யாரிடமும் சொன்னதில்லை.)

நான் வாயைத் திறப்பதற்குள், அப்பா வாக்கரை எனக்கும் அவருக்கும் நடுவில் கொண்டுவந்து ஊன்றினார்.

"அவனுக்கு ஒண்ணும் வேணாம்ங்க. நீங்க கட்டிலுக்குப் பில்லப் போடுங்க."