தண்ணீர் படாத கதவு

எங்கள் அத்தானுக்குத் தொழில் கதவும் ஜன்னலும் செய்வது. அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பார்க்கிறேன், சட்டைப்பையில் சமம் பார்க்கும் ரசமட்டம் இல்லாமல் அவர் வெளியே கிளம்பியதில்லை. பிறர் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் அதை எடுத்து மேஜைமேல் வைத்து, "ஒரு பக்கம் சாயுதுங்க" என்று சொல்லிவிடுவார். லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் அவருக்கு 'மட்டம்' என்றே பேர் வைத்துவிட்டார். சகலைகளுக்குள் எந்தக் கேலியும் செல்லும்.

அத்தானுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தன் கையால் ஒரு கார் கட்ட வேண்டும், அதில் அக்காவை உட்கார வைத்து, அணைக்கு மேலே வளைந்து வளைந்து போகும் மலைச்சாலையில் உச்சிவரை தானே ஓட்டிப்போக வேண்டும். அதற்காகக் கிட் கார் வாங்கினார். சட்டம், உடம்பு, கதவு எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். நாம்தான் பூட்டிக்கொள்ள வேண்டும். இன்ஜினை மட்டும் அடிபட்ட பழைய கார் ஒன்றிலிருந்து எடுத்தார். பட்டறையின் பின்பாதி முழுக்க அதுதான். தட்டையான மூக்கு, இரண்டே இருக்கை.

கார் முடியும் தறுவாயில்தான் அவருடைய கண்ணில் கோளாறு என்று தெரிந்தது. பக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறதாம். "வர்ற பிறந்தநாளோட உங்க லைசென்ஸ் முடியுது. மறுபடி எடுக்க சர்டிபிகேட் நான் எழுதித் தரமாட்டேன். அதுவரைக்கும் பகல்ல மட்டும், மெதுவா ஓட்டுங்க" என்றார் டாக்டர். அத்தான் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு நேரே பட்டறைக்குப் போய்விட்டார். அக்கா அன்று என்னிடம் பேசியது ஒரே வார்த்தை: "ஓட்டிடணும்டி."

ஆனால் கார் ஓடினால்தானே! தெருமுனை மேட்டில் ஏறுவதற்குள் கொதித்து ஆவி கக்கியது. வெப்பம் காட்டும் முள் முதலில் சும்மா கிடக்கும், பிறகு ஒரேயடியாகச் சிவப்புக்குத் தாவும். அதைவிட அதிசயம், இன்ஜின் அப்படிக் கொதிக்கும்போது முன்னால் இருக்கும் ரேடியேட்டரைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது.

எனக்கு இதெல்லாம் அத்தான் சொல்லித்தான் தெரியும். இன்ஜினைச் சுற்றித் தண்ணீர் ஓட ஒரு பம்பு இருக்கிறது. இன்ஜின் தலைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று சின்னதாக ஒரு கதவு. அதன் அடியில் ஒரு குமிழ், குமிழுக்குள் மெழுகு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியே இருக்கும். தண்ணீர் உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். வேண்டிய சூடு வந்ததும் மெழுகு உருகிப் பெருத்துக் கதவைத் தள்ளும். அப்போதுதான் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்பும். கேட்டபோது ஆண்டவனைத்தான் நினைத்துக்கொண்டேன். யாரும் தட்டாமலே நேரம் பார்த்துத் திறக்கிற புத்தியை ஒரு துளி மெழுகில் வைத்தானே!

"சகலை, எங்க பழைய லாரில அந்தக் கதவைக் கழட்டி வீசிட்டோம். நீயும் வீசு" என்றார் என் வீட்டுக்காரர்.

"பூட்டு கெட்டுச்சுன்னா வீட்டுக் கதவையே கழட்டி வீசுவியா? சூடே ஏறாம இன்ஜின் நாள்பூரா நடுங்கிட்டு ஓடும்."

"உன் வண்டி எங்க ஓடுது? நின்ன இடத்துலயே இல்ல வேகுது!"

அத்தான் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வந்து, அக்காவின் பால் பாத்திரத்தில் தண்ணீர் நிறைத்து அடுப்பில் வைத்துப் போட்டுப் பார்த்தார். அழகாகத் திறந்தது. வண்டியில் மாட்டினார். மறுபடி கொதித்தது. புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். அதுவும் அப்படித்தான். பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தான் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துபோக ஆரம்பித்தார். நான் ஜெபத்தில் அவர் கண்ணைக் கேட்பதா, காரைக் கேட்பதா என்று தெரியாமல் இரண்டையும் கேட்டேன்.

மறுபடி ஒரு நாள் அடுப்படிக்கு வந்தார். இந்தத் தடவை பாத்திரத்துக்குக் குறுக்கே குச்சி வைத்து, கம்பியில் புது தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிட்டார். தண்ணீர் ஊற்றியது அக்கா. தண்ணீர் ஓரத்தில் குமிழ்விட்டது. கதவு அசையவில்லை.

"செத்துப்போச்சு. இதுவும் செத்துப்போச்சு" என்றார் அத்தான்.

"தண்ணியே படலையே, அது எப்படித் திறக்கும்?" என்றாள் அக்கா. எட்டிப் பார்த்தேன். குமிழுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

"ஏன் இவ்ளோ கம்மியா ஊத்தின?"

"கேஸ் என்ன உங்க மாமனார் வீட்லருந்தா வருது?"

அத்தான் பதிலுக்குச் சிரிக்கவில்லை. பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறுவென்று பட்டறைக்குப் போனார். பின்னாலேயே போனோம். ரேடியேட்டர் மூடியின்மேல் ஒரு நீள மரச்சட்டத்தை வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வைத்தார். சட்டத்தின் மறுமுனை இன்ஜினின் தலைக்குக் கீழே முட்டியது.

தப்பு அவருடையதுதான். பெட்டியில் வந்த படத்தில், எல்லாவற்றுக்கும் மேலே உயரமாக ஒரு சின்னத் தொட்டி இருந்தது. அதை வைத்தால் இன்ஜினை மூடும் பானட்டில் முட்டும், பானட் சமமாக உட்காராது. கதவு செய்கிறவருக்கு அது பொறுக்குமா? தொட்டியை விட்டுவிட்டு, தாழ்ந்திருந்த ரேடியேட்டர் வழியாகவே தண்ணீர் ஊற்றிவந்தார். ஊற்றிய தண்ணீர் ரேடியேட்டர் மட்டத்தோடு நின்றுவிட்டது. இன்ஜின் தலையில் காற்று தங்கிவிட்டது. தெர்மோஸ்டாட் அந்தக் காற்றில் தொங்கியது. கீழே கொதிப்பது அதற்குத் தெரியவே இல்லை.

"காத்தை நான்தான் அடைச்சு வச்சிருக்கேன்" என்றார் அத்தான்.

மறுநாளே பானட்டில் ஓட்டை போட்டார். தொட்டியை உயரத்தில் மாட்டி, ஓட்டைக்கு மேலே ஒரு புடைப்பு வைத்து மூடினார். தெர்மோஸ்டாட் தட்டில் காற்று கசிந்து போக ஊசித்துளை ஒன்று போட்டு, துளை மேலே வரும்படி மாட்டினார். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தளர்த்திவிட்டு, குபுகுபு என்று காற்று போய்த் தண்ணீர் மட்டும் வழியும்வரை ஊற்றினார்.

"மண்டைல அடிபட்டு வீங்கின மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

"வீங்கட்டும்."

தெருமுனை மேட்டில் வண்டி கொதிக்காமல் ஏறியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் மலைக்குக் கிளம்பினார்கள். நான் வாசலில் நின்று கைகூப்பி வழியனுப்பினேன்.

வெயில் சாயும் நேரத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. "உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா. பயப்படாதே, ஒண்ணும் ஆகல." ஸ்கூட்டரில் போனோம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே கார் ஓரமாக நின்றது. அத்தான் தடுப்புச்சுவரில் உட்கார்ந்திருந்தார்.

"கொதிச்சுதா சகலை?"

"ஒரு சொட்டு வெளிய வரல. முள்ளு பாதிலயே நின்னுச்சு. உச்சிவரை போயிட்டு வந்தோம்."

"அப்புறம் என்ன?"

"இறங்கும்போது வெயில் மூஞ்சில அடிச்சுது. வளைவுல ஒரு சைக்கிள்காரர். பக்கத்துல வந்தப்புறம்தான் தெரிஞ்சார்." சாவியை நீட்டினார். "ஏத்தினது நான். நீ இறக்கு."

"இன்னும் பத்துப் பதினஞ்சு நாள் இருக்கே, சகலை."

"லைசென்ஸுக்கு இருக்கு" என்றார் அத்தான்.

என் வீட்டுக்காரருக்கு அன்று கேலி வரவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார். அத்தான் பக்கத்து இருக்கையில் ஏறினார். ஸ்கூட்டரை நான் எடுக்க, அக்கா எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். "உச்சில நின்னு அந்த ஹோஸைத் தொட்டுப் பாருன்னார்டி. தொட்டேன், கை சுட்டுது. கதவு திறந்திருக்குன்னு சின்னப் புள்ளை மாதிரி சிரிச்சார்" என்று காதருகே சொன்னாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல் நன்றாகத்தான் இருந்தது. நான் மனசுக்குள் ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன், கேட்டதில் பாதிக்கு.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் என் வீட்டுக்காரர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "கியரைக் குறை, பிரேக்கை மிதி, முள்ளைப் பாருன்னு வழி பூரா அவர்தான் ஓட்டினார். நான் சும்மா ஸ்டீயரிங்கைப் பிடிச்சிட்டு வந்தேன்."