ஒட்டிப் பிறந்த சிறுநீரகம்

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது தாராபுரத்திலிருந்து கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் கூட்டி வந்து, கையில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். மாதம் தவறாமல் காய்ச்சல், சிறுநீர் போனால் எரிச்சல். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "ரெண்டு கிட்னியும் கீழ ஒட்டியிருக்குது. குதிரை லாடமாட்ட. பிறவியிலேயே அப்படித்தான். தண்ணி நெறையக் குடிச்சாப் போதும்" என்றார்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். அப்பாவின் அக்கா விடவில்லை. "வயித்துப் புள்ளையோட கிரகணத்தன்னிக்குக் களத்துல நின்னு மொளகா அள்ளுனா. அப்பவே சொன்னேன், கேட்டாளா?" என்று அம்மாவைக் கை காட்டினார். கல்யாண வீட்டிலும் சொன்னார், எழவு வீட்டிலும் சொன்னார். அம்மாவும் அதை நம்பினாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது, "கிட்னி பேச்சை எடுக்காதே" என்று வீட்டில் எல்லோரும் சொல்லி வைத்தார்கள். நான் எடுத்தேன். மாப்பிள்ளை ஒன்றுதான் கேட்டார்.

"தண்ணி நெறையக் குடிக்கோணுமாங்க?"

"ஆமாங்க."

"எங்கூட்டுக்குச் சிறுவாணித் தண்ணிதானுங்க வருது, எத்தனை குடிச்சாலும் தெகட்டாது" என்றார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்தபின் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு நானே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினேன். நாற்பத்துநாலு வயதில் ஒரு நாள் காலை வகுப்புக்குக் கிளம்பும்போது சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை. வலி இல்லாததுதான் பயமாக இருந்தது. ஸ்கேனில் இடது பக்கத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. சிறுநீரகப் புற்றுநோய் என்றார்கள்.

முதலில் பார்த்த சர்ஜன் ஃபைலைப் புரட்டிக்கொண்டே பேசினார். "ரெண்டும் ஒட்டியிருக்கு. ரத்தக்குழாய் எங்கிருந்தெல்லாமோ வருது. உள்ள போனப்புறம் ரெண்டையுமே எடுக்க வேண்டி வரலாம். அப்புறம் வாழ்நாள் பூரா டயாலிசிஸ்தான். கையெழுத்துப் போடுங்க."

"இந்த மாதிரி ஒட்டுன கிட்னியில நீங்க முன்னாடி ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா சார்?"

அவர் நிமிர்ந்து, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார். "நம்பிக்கை இல்லைன்னா வேற இடம் பாத்துக்கச் சொல்லுங்க."

கேட்டது நான். பதில் என் கணவருக்குப் போனது. "சரிங்க சார், பாத்துக்கறேனுங்க" என்று நானே சொல்லிவிட்டு, படங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கையெழுத்துப் போடாதது சரிதானா என்று வழியெல்லாம் கணவரிடம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா வெகுநேரம் படத்தையே பார்த்தார். ரத்தக்குழாய்களுக்கென்று தனியாக இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அது வந்ததும் ஒரு வெள்ளைத்தாளில் வரைந்து காட்டினார். "இடது பாதியை, ஒட்டியிருக்கற இந்த எடத்தோட வெட்டி எடுத்துடலாம். வலது பாதி உங்களுக்குப் போதும். கஷ்டமான வேலைதான், ஆனா பண்ணலாம்."

அன்று அம்மாவும் கூட வந்திருந்தாள். நான் வேண்டுமென்றே கேட்டேன். "டாக்டர், கிரகணத்துல வெளிய வந்தா இப்படிக் கிட்னி ஒட்டிக்குமாங்க?"

அவர் சிரிக்கவில்லை. "வயித்துக்குள்ள குழந்தை உருவாகறப்ப ரெண்டும் கீழேயிருந்து மேல ஏறும். சில பேருக்கு ஏறறதுக்கு முன்னாடியே ஒட்டிக்குது. அம்மா பண்ணுன தப்புன்னு அதுல எதுவுமே இல்லீங்க. இந்தக் கேன்சரும் ஒட்டாத கிட்னியில வர்ற அதே கேன்சர்தான்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும், "அப்ப நான் ஒண்ணும் பண்ணலையா கண்ணு?" என்று கேட்டாள். எழுபது வயதுக்காரி கேட்ட கேள்வி அது. என் நோயைவிட அந்தக் கேள்விதான் எனக்கு ஆத்திரம் மூட்டியது.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு அத்தை பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பையை மேஜையில் வைத்ததும் ஆரம்பித்தார். "அன்னிக்கே கிரகணத்துல..."

"அத்தை, காப்பி குடிங்க. இருந்து சாப்பிட்டுப் போங்க. ஆனா அந்தப் பேச்சு இனி எங்கூட்டுல வேண்டாமுங்க."

"நான் என்ன பொய்யா சொல்லிப்போட்டேன்?"

"பொய்தானுங்க. டாக்டர்கிட்டயே கேட்டாச்சு. இத்தனை வருசம் எங்கம்மாவ அழ வெச்சது போதும்."

அத்தை எழுந்து போய்விட்டார். அம்மா அவரைத் தடுக்கவில்லை. ஆரஞ்சை உரித்து என் கையில் கொடுத்தாள்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். இடது பாதி போனது, வலது பாதி தங்கியது. வெட்டிய ஓரத்தில் கட்டியின் மிச்சம் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் வாய் உலர்ந்து போகிறது. தைரியசாலி என்று யாராவது சொன்னால் எரிச்சல் வருகிறது. பயந்துகொண்டேதான் எல்லாம் செய்தேன்.

போன வருடம் ஈரோட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் இருந்த தூரத்து உறவுக்காரம்மா ஒருவர் குனிந்து, "அம்மணி, சீலைய இழுத்து உட்டுக்கோ. தழும்பு தெரியுது" என்றார்.

"தெரியட்டுங்க. கேன்சருக்கு ஆபரேஷன் பண்ணுன தழும்புங்க" என்றேன். எதிர்வரிசைக்கும் கேட்டிருக்கும்.

அவர் இலையில் இருந்த சோற்றை அளைந்துகொண்டிருந்தார். பிறகு என் காதருகே வந்து, "ரெண்டு மாசமா எனக்கும் ஒண்ணுக்குல ரத்தமாப் போவுது. ஊட்டுல யார்கிட்டயும் சொல்லலை" என்றார்.

பாயசம் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் போனேன். அவருக்கு இருந்தது சிறுநீரகக் கல்தான். கேன்சர் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார், கல்யாணச் சாப்பாட்டைக் கெடுத்துவிட்டேன் என்று.