நோயாளி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பாஸ்வேர்ட்

ஏர்கோன் தண்ணீர் மைலோ டின்னில் சொட்டும் சத்தம்... கீழ்க்கடையிலிருந்து ஏறி வரும் காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை... மலேசியாவில், ஈப்போவில் என் முதல் வேலை என்றாலே இந்த இரண்டும்தான் வந்து நிற்கும்.

கடைவீட்டு மாடியில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. முதலாளி தேவா அண்ணே, சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். மேரி அக்கா டெஸ்டர். நான் புரோகிராமர். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு சிஸ்டம் செய்துகொண்டிருந்தோம். கிளினிக்குகள் நோயாளி விவரத்தை எக்ஸ்எம்எல் ஃபைலாக அனுப்பும். நாங்கள் வாங்கி டேட்டாபேஸில் சேர்க்க வேண்டும்.

சுங்காய் கிளினிக்கின் பழைய சாஃப்ட்வேர் மட்டும் ஃபைலின் உச்சியில் 'டாக்டைப்' என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பும். ஏற்கலாமா என்று கேட்டேன்.

"தூரத்துல இருந்து வர்றத திருப்பி அனுப்புனா நல்லாவா இருக்கும்? வாங்கிக்கலாம்லா," என்றார் அண்ணே. வாசலுக்கு வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்பாத வீட்டில் வளர்ந்த மனுஷன்!

எப்படியும் ஸ்கீமா வைத்துச் சரிபார்க்கிறோம். தேதி இடத்தில் தேதி, பெயர் இடத்தில் எழுத்து... அப்புறம் என்ன பயம் என்றிருந்தோம்.

திங்கட்கிழமை சிஸ்டத்தை எல்லா கிளினிக்குக்கும் திறப்பதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் மேரி அக்கா ஒரு குட்டி ஃபைலை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நோயாளி பேரு என்னன்னு படி."

பெயரே இல்லை. எங்கள் சர்வரின் செட்டிங் ஃபைல் முழுசாக அங்கே கிடந்தது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டோடு!

அந்த டாக்டைப் வரியில், 'பெயருக்குப் பதில் சர்வரில் இருக்கும் இந்த ஃபைலை எடுத்துப் போடு' என்று எழுதியிருந்தார் அக்கா. எங்கள் சிஸ்டமும் நல்ல பிள்ளையாக எடுத்துப் போட்டிருந்தது.

அந்தப் பாஸ்வேர்ட் கையில் கிடைத்தால் யாரும் டேட்டாபேஸைத் திறந்து படிக்கலாம். பழைய ரிசல்ட்டுகளை ஏற்கெனவே ஏற்றிவிட்டிருந்தோம். என் தங்கச்சி செல்வியின் ரிசல்ட்டும் அதில் இருந்தது. தலசீமியா கேரியர். அவளுக்கு நோய் இல்லை, ஆனால் பிள்ளைகளுக்குப் போகலாம். பாகான் செராயில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம். அவரிடம் தானே சொல்லப்போவதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் வேறு யார் வாய் வழியாகவாவது போய்ச் சேர்ந்தால்...

"ஸ்கீமா பாஸ் ஆச்சேலா?" அண்ணேவால் நம்பவே முடியவில்லை.

"பேரு இடத்துல எழுத்துதானே இருக்கு, பாஸ்தான் சொல்லும். செக் பண்ணறதுக்கு முன்னாடியே, ஃபைலைப் படிக்கிற பார்சர் போய் தூக்கிட்டு வந்துருச்சு," என்றார் அக்கா.

"நம்ம ஊர்ல யாருக்கு இதெல்லாம் தெரியப் போகுது? திங்கக்கிழமை திறந்துட்டு அப்புறம் பார்க்கலாம்," என்றார் அண்ணே.

"உங்க ரிசல்ட்டும் உள்ளதான் இருக்கு அண்ணே. சத்தமா படிக்கவா?" என்றார் மேரி அக்கா.

அண்ணே அங்கேயே போனை எடுத்துத் திறப்பைத் தள்ளிவைத்தார்.

டாக்டைப் இருந்தாலே ஃபைல் வாசலோடு நிற்கும்படி மாற்றினோம். வெளி ஃபைல் எதையும் பார்சர் தொடக்கூடாது, அளவு மீறினால் வாங்கக்கூடாது. ஸ்கீமா எல்லாம் அதற்கப்புறம்தான். பாஸ்வேர்டையும் மாற்றினோம். சுங்காய்க்குப் போன் போட்டு அந்த ஒரு வரியை எடுக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இதுக்கா இவ்ளோ யோசிச்சீங்க? முன்னாடியே கேட்டிருக்கலாம்லா," என்றார் அந்தக் கிளினிக் கவுண்டரில் இருந்த பெண். எனக்கு அது இன்னொரு ஷாக்!

இப்போது பல லைப்ரரிகள் இந்தக் கதவை மூடியே தருகின்றன. ஆனாலும் ஆபீசில் யாராவது "ஸ்கீமா இருக்குலா" என்றால், எனக்கு மைலோ டின்னில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்துவிடும்.

செல்வி அவரிடம் அவளே சொன்னாள். அவரும் டெஸ்ட் எடுத்தார், கல்யாணமும் நடந்தது.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதே ரிசல்ட்! செல்வியே படம் பிடித்துப் போட்டிருந்தாள். மாமியார் வீட்டு ஆட்கள் எல்லாரும் இருக்கிற குரூப். "நம்ம பிள்ளைங்க எல்லாரும் கல்யாணத்துக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்துருங்க" என்று கீழே ஒரு வரி.

உடனே போன் போட்டேன். "அடியே, இதுக்காகவா அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல?"

"அன்னிக்கு யாரோ எடுத்திருப்பாங்க அக்கா," என்றாள். "இன்னிக்கு நானே குடுக்கறேன்."