ஜாக்கி வைக்கிற இடம்

வீட்டில் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போய் ரொம்ப நாளாகிறது. வண்டி சோதனைக் கூடத்தில் அவர் ஆட்டக்காரர். எந்த வண்டிக்கு அடியில் புகுந்தாலும், வெளியே தலையை நீட்டும்போது "ஆட்டம் இருக்கு" என்றுதான் முதல் பேச்சே வரும். ஸ்டியரிங்கை ஒருவர் இப்படியும் அப்படியும் திருப்ப, இவர் கீழே மல்லாந்து படுத்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். தேய்ந்துபோன இணைப்பு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். டிரைவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

இந்தப் புத்தி வீட்டிலும் அவரை விடவில்லை. நாற்காலியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்க்காமல் உட்கார மாட்டார். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னை ஆட்டிப் பார்க்காம விட்டாரே, அதுவரைக்கும் புண்ணியம்" என்பாள் மனைவி. மனுஷன் சிரிக்கக்கூட மாட்டார். நாற்காலியின் காலுக்கு ஆணி தேடப் போய்விடுவார்.

அவருக்கும் மேலாளருக்கும் ஒத்துப்போகாததற்குக் காரணம் ஒரு ஜாக்கி. கூடத்தில் எல்லா வண்டிக்கும் உடம்பைத் தாங்குகிற இரும்புச் சட்டத்துக்கு அடியில்தான் ஜாக்கி வைக்க வேண்டும், ஒரே தூக்கில் இரண்டு முன் சக்கரமும் மேலே வந்துவிடும், வேலை மளமளவென்று முடியும் என்பது மேலாளர் போட்ட உத்தரவு. பெரும்பாலான வண்டிகளுக்கு அது போதும். ஆனால் சில வேன்களில் ஸ்பிரிங், சக்கரத்தைக் கீழிருந்து தாங்குகிற லோயர் ஆர்மின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதைச் சட்டத்தில் தூக்கினால் ஸ்பிரிங் அந்த ஆர்மைக் கீழே அமுக்கிக்கொண்டே இருக்கும். ஆர்மையும் சக்கரத்தையும் கோக்கிற பால் ஜாயின்ட் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அந்த அமுக்கலில் இறுகிப்போய், புதுசு மாதிரி நடிக்கும். ஜாக்கியை அந்த ஆர்முக்கு அடியிலேயே, சக்கரத்துக்குப் பக்கத்தில் கொடுத்துத் தூக்கினால்தான் அதன் வேஷம் கலையும். ஆட்டக்காரர் அப்படித்தான் தூக்குவார், ஒவ்வொரு சக்கரமாக. அவர் கொட்டகையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும், மேலாளர் பல்லைக் கடிப்பார்.

அந்த வரிசையில் ஒருநாள் அவர் தம்பியின் வேன் வந்து நின்றது, ஸ்பிரிங் ஆர்மின் மேல் உட்கார்ந்த அதே ரகம். தம்பியின் வேன் என்பது பேச்சுக்குத்தான். வண்டி முதலாளியுடையது, தம்பி டிரைவர். தையல் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போய் இறக்கிவிட்டு வருகிற வேலை. தம்பி பொண்டாட்டியும் அதே கம்பெனியில் தைக்கிறாள், அதே வேனில்தான் போகிறாள்.

ஆட்டக்காரர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினார். டயருக்குக் கீழே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். இடது சக்கரம் விழப்போகிற பல் மாதிரி ஏறி இறங்கியது. இன்னொரு தடவை நெம்பினார். பிறகு எழுந்து வந்தார், முகத்தில் ஈயாடவில்லை.

"ஆட்டம் இருக்குடா."

"அண்ணே, எல்லா வண்டிக்கும் இதையேதான் சொல்றே."

"இது அந்த மாதிரி இல்ல. ஜாயின்ட் எப்ப வேணா கழண்டுக்கும். திருப்பத்துல கழண்டுதுன்னா சக்கரம் மடிஞ்சிடும், உன்னால ஒண்ணும் பண்ண முடியாது. புதுசு போடச் சொல்லு."

"முதலாளி போட மாட்டார்ணே. வண்டி ஒருநாள் நின்னா கம்பெனி வேற வண்டி பார்த்துக்குமாம். பாஸ் வாங்கிட்டு வா, இல்லன்னா வராதேன்னுட்டார். உனக்கே தெரியும், ஏற்கெனவே ரெண்டு இடத்துல வேலை போச்சு. இந்த ஒரு தடவை கண்டுக்காம விடேன்."

ஆட்டக்காரர் சீட்டை எடுத்தார். அவருக்குத் தம்பி மேல் கொள்ளை ஆசை, அம்மா போன பிறகு சோறு ஊட்டி வளர்த்த பிள்ளை. ஃபெயில் என்று எழுதினார். தம்பி திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் முதலாளியே வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். கிரீஸ் அடைத்து, மேலே புது ரப்பர் உறை மாட்டி, பழுது பார்த்தாயிற்று என்று சொல்லிப் பக்கத்துக் கொட்டகையில் விட்டார். அங்கே சட்டத்துக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். சக்கரம் அசையவில்லை. பாஸ்.

ஆட்டக்காரர் கடப்பாரையும் கையுமாகப் பக்கத்துக் கொட்டகைக்காரரிடம் ஓடினார்.

"சொன்ன இடத்துல ஜாக்கி வச்சேன், ஆட்டம் இல்ல. இல்லாததை இருக்குன்னு எழுதச் சொல்றியா?" என்றார் அவர். நல்ல மனுஷன்தான், கை சுத்தம். மேலாளரிடம் போனால் அவர் தலையை நிமிர்த்தாமலே பைசல் பண்ணினார். "ஆட்டம் கண்டா ஃபெயில், நீங்க போட்டது ரூல்படி சரி. ஆட்டம் இல்லன்னா பாஸ், அவர் போட்டதும் ரூல்படி சரி. கடைசியா போட்டதுதான் செல்லும். உங்க வரிசையைப் பாருங்க, ரோடு வரைக்கும் நிக்குது." யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கை நீட்டவில்லை. யாராவது வாங்கித் தின்றிருந்தாலாவது வாய்விட்டுத் திட்டியிருக்கலாம். அதற்கும் வழியில்லை.

சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான்.

"சொந்த அண்ணனையே சரிக்கட்டத் தெரியாதவனை வச்சு நான் என்ன பண்றதுன்னு முதலாளி கேட்டுட்டு, சாவியைப் பிடுங்கிக்கிட்டார். வேற ஆள் போட்டாச்சு. வண்டி ஓடுதுண்ணே. நான்தான் நின்னுட்டேன். சந்தோஷமா?"

ஆட்டக்காரர் அவன் தோளைத் தொடப் போனார். தம்பி விலகிக்கொண்டான். அன்று அவர் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார், மனைவி கேலி பேசவில்லை.

மறுநாள் காலையில் கம்பெனி வேன் நிற்கிற முக்குக்குப் போனார். வேன் வந்தது. புது டிரைவர் நல்ல வயசுப் பையன், சீப்பால் தலையை வாரிக்கொண்டே வந்து நிறுத்தினான். ஆட்டக்காரர் ஜன்னல் பக்கம் போய்ச் சொன்னார், இடது சக்கரம், கீழ் ஜாயின்ட், மெதுவாகப் போ, திருப்பத்தில் ஒடிக்காதே, முதலாளியிடம் கேட்டு மாற்றச் சொல் என்று.

"நீங்க யாரு?"

சொன்னார்.

"ஓ, முன்னாடி ஓட்டினவரோட அண்ணனா?" பையன் சிரித்துவிட்டான். "அவருக்கு வேலை போச்சுன்னா நான் என்ன சார் பண்றது? பாஸ் ஆன வண்டியைப் போய்க் குறை சொல்றீங்களே. என் பொழைப்புலயும் மண்ணைப் போடாதீங்க."

ஆட்டக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. இனி அவர் எந்த உண்மையைச் சொன்னாலும் அது வயிற்றெரிச்சலாகத்தான் காதில் விழும். அவரைச் சுற்றிக்கொண்டு பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியில் தம்பி பொண்டாட்டி வந்தாள், தோளில் பையோடு, அவரைப் பார்க்காத மாதிரி.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "ஏறாதம்மா. உன் கால்ல வேணாலும் விழறேன். நடந்துகூடப் போ, இல்லன்னா நான் கொண்டு விடறேன். இதுல மட்டும் ஏறாதே."

"லேட்டா போனா உள்ள விடமாட்டாங்க மாமா," என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நேத்து வரைக்கும் ரெண்டு பேர் சம்பாத்தியம் இருந்தது. ஏறாதேன்னு நேத்து சொல்லியிருந்தா ஒருநாள் ஏறாம இருந்திருப்பேன். இன்னைக்கு எப்படி இருக்க முடியும்?"

அவர் கையை எடுத்தார். அவள் ஏறினாள். வேனில் இடமில்லை. டிரைவருக்குப் பக்கத்தில், இடது சக்கரத்துக்கு நேர் மேலே இருந்தவள் நகர்ந்து கொடுக்க, அங்கே உட்கார்ந்துகொண்டாள்.