டைரக்ட் கொடுத்த வண்டி

எங்கள் துறைத் தலைவர் பார்க்காததைப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது.

பூந்தமல்லியைத் தாண்டி இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் ஆசிரியை. இறுதியாண்டுப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்களை ரிவ்யூ செய்வது என் வேலையில் பாதி. ரிவ்யூ என்றால் ஏசி அறையில் மூன்று பேர் உட்கார்ந்து ஸ்லைடு பார்ப்பது. ஒரு குழுவுக்குப் பத்து நிமிடம். அவர்கள் செய்த பொருள் கேன்டீனுக்குப் பின்னால் ஷெட்டில் கிடக்கும். யாரும் போய்ப் பார்ப்பதில்லை. நானும் போனதில்லை.

அந்த வருடம் நான்கு பையன்கள் ஒரு பேட்டரி வண்டி செய்தார்கள். எட்டுப் பேர் உட்காரலாம். பேட்டரி சூடானால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றை முதல் ரிவ்யூவில் பெருமையாகக் காட்டினார்கள். இரண்டாவது ரிவ்யூவில், 'மேம்பாடுகள்' என்ற ஸ்லைடில், 'டைரக்ட் இணைப்பு தரப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நானும் 'திருப்தி' என்று டிக் அடித்தேன்.

ஆவடி பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது. என் வீட்டு மோட்டாருக்கு எலக்ட்ரீஷியன் சொன்ன அதே 'டைரக்ட்'. அடிக்கடி ட்ரிப் ஆகிற பாதுகாப்பு சுவிட்சைக் கழற்றிவிட்டு ஒயரை நேராக முறுக்கிவிடுவது.

மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். சீட்டைத் தூக்கினால், சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஒயரும் கறுப்பு டேப்பும். பேட்டரி செல் ஒன்று லேசாக உப்பியிருந்தது.

"ஏன்டா இப்படிப் பண்ணீங்க?"

"மேட்டுல ஏறும்போது கட் ஆவுது மேம். வண்டி நடுவுல நிக்கக் கூடாதுன்னு எச்ஓடி சார் சொன்னாரு. அதான் டைரக்ட் குடுத்துட்டோம்."

"சூடானா?"

"ஆவாது மேம்" என்றான் ஒருவன். இன்னொருவன் சிரித்தான். "ஆச்சுன்னா எறங்கி ஓடிர வேண்டியதுதான் மச்சான்."

'இந்த வண்டியை ஓட்டக் கூடாது' என்று ரிவ்யூ தாளில் எழுதிக் கொடுத்தேன். எச்ஓடி, அதாவது துறைத் தலைவர், கூப்பிட்டார்.

"என்னம்மா, கொலைக் கேஸ் மாதிரி எழுதி வெச்சிருக்கீங்க? அடுத்த வாரம் தர ஆய்வுக் குழு வருது. கேட்லேருந்து அவங்கள இதுலதான் கூட்டிட்டு வரணும். மைனர் கரெக்‌ஷன்னு மாத்துங்க."

"மாத்த மாட்டேன் சார். ஷெட்டுக்கு வந்து நீங்களே பாருங்க."

"ஸ்லைடு பாத்தேன். போதும்."

வேறொரு தாளை எடுத்தார். 'நேரில் பார்த்தேன். மைனர் கரெக்‌ஷன்' என்று என் கண் முன்னாலேயே எழுதினார். என் தாள் அதன்பிறகு கோப்பில் இல்லை.

குழு வந்தது, பாராட்டியது, போனது. பையன்களும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வண்டி மட்டும் இங்கேயே ஓடுகிறது. கேட்டிலிருந்து கடைசி பிளாக் வரை, எட்டுப் பேர் இடத்தில் பதினொரு பிள்ளைகள்.

அதை ஓட்டுபவர் பட்டாபிராம்காரர். போன வாரம் என்னை நிறுத்தினார்.

"மேடம், படிச்சவங்கோ நீங்கோ, சொல்லுங்கோ. சீட்டு இன்னாத்துக்கு இப்டி சுடுது? குந்தவே முடில. கோணி போட்டுகினு ஓட்டினு கீறேன்."

"ஓட்டாதீங்கண்ணே."

"நான் ஓட்லன்னா வேற ஆள வெச்சிருவாங்கோ. இனிப்பா ஒரு வாசன வேற வருது. பொண்ணுங்க போட்டுகினு வர்ற சென்ட்டுன்னு நெனச்சேன்."

அது சென்ட் இல்லை. உப்பிய செல் கசிய ஆரம்பித்தால் வரும் வாசனை. அன்றே பதிவாளருக்கு எழுதினேன். 'ரிவ்யூ முடிந்த ப்ராஜெக்ட், மறுபரிசீலனைக்கு இடமில்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தது. வெயில் நாளுக்கு நாள் ஏறுகிறது. வண்டி இன்று காலையும் ஓடியது.

துறைத் தலைவர் அவர்களே, என்னை அறைக்குக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். நாளைக் காலை கேட்டுக்கு வாருங்கள். பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, அந்த டிரைவருக்குப் பக்கத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்: இவர்கள் உட்காரப்போகும் சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?