ஆசைக்கு ஓடுகிறவன்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தேன். ஞாயிறு விடிந்ததும் அடையாறிலிருந்து கால்வாய்க் கரை மண்பாதையில் பெருங்குடி வரை தனியாக ஓடிவிட்டுத் திரும்புவேன். வழியில் ஒரு சவுக்குத் தோப்பு. அதன் காவல்காரருக்கு ஒல்லி உடம்பு, ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கும். பக்கத்தில் மண்பானை வைத்துக்கொண்டு, போகிறவர்களுக்குக் கேட்காமலே தண்ணீர் மொண்டு கொடுப்பார். நான் நிற்காமல் ஓடிவிடுவேன்.

ஒரு சித்திரை ஞாயிறு, திரும்பும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் விழுந்தேன். எழ முடியவில்லை.

“பெரியவரே, கொஞ்சம் தண்ணி குடுங்க.”

“யாராவது தொரத்திக்கினு வராங்களா?”

“இல்லீங்க. லீவு நாள்ல சும்மா ஓடுவேன்.”

“ஆசைக்கு ஓடுறவனுக்கு இங்க தண்ணி கெடையாது, நைனா.”

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்போது மீன்கூடை சுமந்த ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவளுக்குக் குவளையை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். அவள் குடித்துவிட்டுப் போனதும் மீதியை என் கண்ணெதிரே மணலில் ஊற்றினார். நான் பானையை நோக்கிக் கை நீட்டினேன். தடியால் மணிக்கட்டில் அடித்தார்.

“இன்னிக்கு லீவுதானே? அப்படியே கெட. வெயில் எறங்கினா தானா ஏந்திருச்சுப் போவே.”

காலை ஊன்றவே முடியாமல், மாலைவரை நாக்கு வறண்டு அங்கேயே கிடந்தேன். நிழல் நகர்ந்து என் முகத்தில் வெயில் விழுந்தபோது, எழுந்து வந்து தன் துண்டைக் கிளையில் கட்டி மறைத்தார். தண்ணீர் மட்டும் கடைசிவரை தரவில்லை.

மணிக்கட்டில் பட்ட அடிகூட மறந்துவிட்டது. அந்தத் துண்டை அவர் ஏன் கட்டினார் என்பதுதான் இன்றும் எனக்குப் புரியவில்லை.