பள்ளத்தின் பக்கம் நின்ற வரையாடு

பிள்ளைகளே, இது தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ஏப்ரல் லீவில் பொன்முடியில் நடந்தது. அப்போது நான் திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மிளகு மண்டியில் வேலை பார்த்தேன். என் மனைவியின் தம்பி பொன்முடி தேயிலை எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினான். அவன் எப்போது வீட்டுக்கு வந்தாலும் என் மகளுக்கு வரையாட்டுக் கதைதான். நான் பலகாரப் பொட்டலத்தோடு வந்து நின்றாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். எனக்கு வயிறு எரியும்.

சும்மா இருப்பேனா? நூலகத்துக்குப் போய் வரையாட்டைப் பற்றிப் படித்தேன். பொன்முடி பஸ்ஸில் மகளிடம் ஆரம்பித்தேன்: "குளம்பு ஓரம் கட்டியா இருக்கும், நடுவுல மெத்துனு இருக்கும். அதான் பாறையில வழுக்காது."

"அது மாமா முந்தியே பறஞ்சாச்சு அப்பா. மாமாவுக்கு எல்லாம் அறியாம்!"

"கிழட்டுக் கிடாய்க்கு முதுகுல வெள்ளை பூத்திருக்குமே, அது?"

"அதும்தான்."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

அவளைத் தம்பியின் எஸ்டேட் லயத்து வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் மூவரும் புல்மேட்டுக்கு நடந்தோம். பாதைக்கு ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். மைத்துனன் பள்ளத்தின் பக்கமாகவே நடந்தான். மகள் என் கையை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அது மட்டும்தான் என் கண்ணில் பட்டது.

"அனங்காதிங்க அத்தான்" என்று கிசுகிசுத்தான். அசையாமல் நின்றோம். எதிர்ச்சரிவில் பழுப்பு நிறத்தில் ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. பாறை விளிம்பில் ஒரு பெட்டை மட்டும் மேயாமல் நின்றது. அதைச் சுற்றிக் குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன.

"அது ஏன் மாமா தின்னாம நிக்குது?"

"காவல் மக்ளே. புலி, செந்நாய் வந்தா விசிலடிக்கும். மத்ததுக குட்டியையும் அதான் பாத்துக்கிடும்."

எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் கேள்வி என்னிடம் வரவில்லையே!

நன்றாகப் பார்க்க மகள் ஓரெட்டு முன்னால் வைத்தாள். வெயிலில் காய்ந்த புல் எண்ணெய் தடவினாற்போல் வழுக்கும். சறுக்கிவிட்டாள். நான் கத்தினேன். அவன் குப்புற விழுந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். போன உயிர் திரும்பிய அடுத்த நொடியே என் மனசு என்ன சொன்னது தெரியுமா? 'இதற்கும் இவன்தானா!'

என் சத்தத்துக்கு அங்கே விசில் கேட்டது. கூட்டம் பாறையில் ஏறி ஓடியது. கடைசிக் குட்டியும் தாண்டும்வரை அந்தப் பெட்டை விளிம்பைவிட்டு நகரவில்லை. நான் இந்தப் பக்கம் பார்த்தேன். பள்ளத்தின் ஓரத்தில் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். நான் நின்றது பத்திரமான மேட்டுப் பக்கம்.

"மாப்ளே, முழங்கையில ரத்தம்."

"போட்டும் அத்தான். பிள்ளைக்கு ஒண்ணு ஆனா அக்கா எனக்குச் சோறு போடுவாளா?"

திரும்பும்போதும் மகள் அவன் தோளில்தான் தூங்கினாள். இன்றும் நல்ல சேதி எதுவானாலும் முதல் போன் மாமாவுக்குத்தான். எனக்கு இன்னமும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது, ஆனால் எரியும்போதெல்லாம், மேயாமல் விளிம்பில் நின்ற அந்த வரையாடும் கூடவே கண்ணுக்குள் வந்து நின்றுவிடுகிறது.